தோட்டத்துக் கதவில் கட்டிய கூடு

எழுபதைத் தாண்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு நேரம் இருக்காது. நேரம் இருப்பவர்களும் இதைப் படித்துவிட்டு, பெரியவருக்குத் தூக்கம் வரவில்லை போலிருக்கிறது என்பார்கள். நீங்கள் அப்படிச் சொல்லமாட்டீர்கள். உங்களுக்கும் தூக்கம் வருவதில்லை.

இந்தச் சித்திரையில் என் வீட்டுப் பின்புறம் வந்துபோன உயிர்கள்: காகம் நான்கு, பூனை இரண்டு, ஒற்றைக்கால் மைனா ஒன்று, அணில் ஒன்று. பின்புறம் என்பது பதினோரு அடிக்கு நாலரை அடி சிமெண்டுத் தளம். அதில் துணி துவைக்கும் இயந்திரமும் மகன் வாங்கி வைத்த மூன்று பூந்தொட்டிகளும் இருக்கின்றன. அணில் ஏழு நாள் வந்தது, எட்டாம் நாள் வரவில்லை. அதற்கென்ன மாமா என்று மருமகள் கேட்டாள். காலையில் ஆறு மாத்திரை, இரவில் ஐந்து. அதைச் சரியாக எண்ணினால் கெட்டிக்காரன் என்கிறார்கள். அணிலை எண்ணினால் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

எனக்குப் பத்து வயதில் பிடித்த பழக்கம் இது. அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் சொல்ல வேண்டும். அறுபது வருடத்துக்கு மேல் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் தெரிந்தவர்கள் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். இருவரும் இப்போது இல்லை.

எங்கள் வீடு அப்போது கருவடிக்குப்பத்தில் இருந்தது. அப்பாவுக்கு மில்லில் இரவு ஷிப்டு. காலையில் வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால் பிற்பகல் மூன்று மணிவரை வீட்டில் ஒரு கிண்ணம்கூட உருளக் கூடாது. இருந்ததே இரண்டு அறை. அந்த வருடம் எனக்கு அம்மை போட்டு, மாசிக் கடைசியில் தண்ணீர் ஊற்றினார்கள். இனிமேல் ஆனியில் போனால் போதும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். தெருவில் விளையாடவும் என்னை விடவில்லை. ஆகவே விடிந்ததும் என்னைத் தோட்டத்துக்குத் தள்ளிவிடுவார்கள்.

வீட்டுக்குப் பின்னால் இருந்ததைத் தோட்டம் என்றுதான் சொல்வோம். என் காலடிக்கு நாற்பத்தாறு அடி நீளம், பத்தொன்பது அடி அகலம். ஒரு கிணறு, பக்கத்தில் துவைக்கிற கல், ஒரு முருங்கை, ஒரு கொய்யா, மூன்று வாழை, வேலியோரம் காட்டாமணக்கு. வெயில் ஏற ஏறக் கொய்யா இலைகள் சுருண்டு வாடிவிடும். கிணற்றடி ஈரத்தைத் தவிர எங்கும் புழுதி. அந்த ஈரத்துக்குத்தான் எல்லாம் வரும். கணக்குப் போட்டது போக மீதி இருந்த கட்டம் போட்ட நோட்டு ஒன்றில் ஒவ்வொரு கட்டமாக நிரப்புவேன். அணில் நான்கு. அவற்றில் ஒன்றுக்கு வால் பாதிதான். ஓணான் இரண்டு, வேலிப் படலில். செம்போத்து ஒன்று. பறக்க மனமில்லாதது போல வாழையடியில் நடந்தே போகும், எதையாவது பிடித்து விழுங்கும். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஒரு தேரை. தொட்டியை நகர்த்தினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கொண்டைக்குருவி காட்டாமணக்கில் கூடு வைத்தது. முட்டை மூன்று, பொரித்தது இரண்டு, பறந்தது ஒன்றுமில்லை. ஒரு காலையில் கூடு வெறுமையாக இருந்தது. அந்தக் கட்டத்தில் சுழி போட்டேன்.

பங்குனி மூன்றாம் வாரத்தில் அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை. வில்லியனூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் கொடுத்திருந்தார்கள். ஏழு வருடமாகக் குழந்தை இல்லை. கோடைக்கு வந்திருக்கிறாள் என்று என்னிடம் சொன்னார்கள். அவளுடைய தகரப் பெட்டி இரண்டு பேர் தூக்குகிற கனமாக இருந்தது. கோடைக்கு வருகிறவர்கள் அவ்வளவு துணி எடுத்து வரமாட்டார்கள். அதுகூட எனக்குப் புரியவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அம்மாவிடம் கேட்டதைத்தான் கேட்டேன்.

"இன்னாவாம் அவ மாமியாரு?"

"ஆவணிக்குள்ள வயித்துல ஒண்ணு தங்கலன்னா மவனுக்கு வேற பாக்கறேன்னு சொல்லி அனுப்பியிருக்கா. பொண்ணுகூடப் பாத்து வச்சிட்டாளாம் அக்கா."

"அவன் இன்னா சொல்றான்?"

"அவன் இன்னா சொல்வான். அம்மா புள்ள."

அத்தை என்னோடு தோட்டத்தில் வந்து உட்காருவாள். பகலில் வீட்டுக்குள் பேச முடியாது என்பதால் அவளுக்கும் அதுதான் இடம். நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "அணிலு, ஓணான், தேரை... எல்லாம் கீது. நான் எங்கடா?" என்றாள். "நீ ஆளு, அத்தை." "ஆளுன்னா எழுதமாட்டியா? எழுதிக்கடா. அத்தை ஒண்ணு. நாளைக்கி ரெண்டாவுதான்னு பாக்கலாம்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றுமுதல் என்னைக் கணக்குப்புள்ள என்று கூப்பிட ஆரம்பித்தாள். பிறகு வீட்டில் எல்லோரும் அப்படியே கூப்பிட்டார்கள்.

அவள் வந்து ஐந்தாறு நாள் இருக்கும். துவைக்கிற கல்லை நோக்கி எறும்பு வரிசை ஒன்று புதிதாகப் போவதைக் கண்டேன். கல்லில் சர்க்கரை இல்லை, சோறு இல்லை. வரிசை எங்கிருந்து வருகிறது என்று பார்க்கக் காட்டாமணக்குக்குப் பின்னால் போனேன். வேலியில் அத்தையின் பழைய புடவை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அதற்கு அடியில், வெளியே தெரியாமல், கிழித்த துண்டுத் துணிகள். நான்கு. நன்றாகத்தான் கசக்கியிருந்தாள். இருந்தாலும் ஓரங்களில் பழுப்பாக இருந்தது. மறுநாள் ஐந்து. அதற்கு மறுநாளும் ஐந்து. அம்மா முன்பக்கம் அரிசி புடைக்கிற நேரம் பார்த்து அவள் துவைத்தாள்.

"கிழிசலை எதுக்கு அத்தை தெனம் தொவைக்கிற?"

அவள் திடுக்கிட்டாள். பிறகு, "அடுப்புத் துணிடா. கரி பிடிச்சிருக்குது" என்றாள். நோட்டை எட்டிப் பார்த்தாள். "இத எழுதிட்டியா? அழி. துணியெல்லாம் எழுதுவாங்களா? உசுரு உள்ளத மட்டும் எழுது."

அழிக்க எனக்கு மனம் வரவில்லை. துணி என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டு ஒரு பெருக்கல் குறி போட்டேன். பிறகு ஒவ்வொரு நாளும் அந்தக் குறிக்கு எதிரே எண்ணை எழுதினேன்.

அது என்ன துணி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்குத்தான் தெரியாது. மாதத்தில் மூன்று நாள் அம்மா தோட்டத்துத் தாழ்வாரத்தில் தனித் தட்டு, தனிப் பாயோடு உட்கார்ந்திருப்பாள், என்னைக் கிட்டே வராதே என்பாள். காக்கா தொட்டுவிட்டது என்று சொல்வார்கள். எந்தக் காக்கா என்று கண்டுபிடிக்க இரண்டு மாதம் காகங்களை எண்ணியிருக்கிறேன். அத்தை மட்டும் வந்ததிலிருந்து அந்தத் தாழ்வாரத்தில் உட்காரவே இல்லை. புகுந்த வீட்டில் அவள் உட்கார்ந்த ஒவ்வொரு முறையும் மாமியார் வாசலில் நின்று ஊருக்குச் சொன்னாளாம். இங்கே உட்கார்ந்தால் அந்தச் செய்தி வில்லியனூருக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்?

சித்திரை மூன்றாம் தேதி குளவி வந்தது. தோட்டத்துக் கதவின் உட்பக்கம், மேல் கீலுக்குப் பக்கத்தில், பட்டாணி அளவு ஈரமண்ணைக் கொண்டுவந்து ஒட்டியது. கறுப்பு உடம்பு, இடுப்பு நூல்போல. ஒட்டும்போது மெல்லிய ஊசிக் குரலில் ரீங்கரிக்கும். நான் எண்ணிக்கொண்டிருந்ததை அம்மா பார்த்தாள். பார்த்தவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கதவையே பார்த்தாள். பிறகு திரும்பி அத்தையைப் பார்த்தாள்.

"ஏண்டி, நீ வந்ததுலேர்ந்து ஒக்காரல இல்ல?"

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா வேலிக்கு ஓடி, "அக்கா, கொஞ்சம் வந்துட்டுப் போயேன்" என்று கூப்பிட்டாள். குளவி கூடு கட்டினால் வீட்டில் யாரோ முழுகாமல் இருக்கிறாள் என்று அர்த்தம். இது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். காய்ச்சல் வந்தால் நாக்கு கசக்கும் என்பதுபோல, யாரும் யோசித்துப் பார்க்காத விஷயம். பெரியம்மா வந்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மண்ணைப் பார்த்தாள்.

"செம்மண்ணு எடுத்தாந்து கட்டுது. ஆம்பளப் புள்ளதான். நம்ம தெருவுல குளவி பொய் சொன்னதா நான் பாத்ததில்ல."

"எவ்ளோ நாளும்மா தள்ளியிருக்குது?" என்று அத்தையைக் கேட்டாள். அத்தை முகத்தைத் திருப்பி முந்தானையை இழுத்துக்கொண்டாள். "வெக்கத்தப் பாரு" என்றார்கள்.

அவள் பொய் சொல்லவில்லை என்பதை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவ்வளவுதான். அன்று பெருக்கல் குறிக்கு எதிரே ஆறு.

அப்பா எழுந்ததும் விஷயத்தைச் சொன்னார்கள். கதவைச் சாத்தினால் கூடு நசுங்கும் என்று அவரே கயிறு கொண்டுவந்து கதவைச் சுவரோடு சேர்த்துக் கட்டினார். "டேய் கணக்குப்புள்ள, இது உன் பொறுப்பு. பல்லி கில்லி கிட்ட போவப்போவுது. எத்தினி ரூம் கட்டுதுன்னு தெனம் எனக்குச் சொல்லணும்" என்றார். அதுவரை என் எண்ணிக்கையை அவர் கேட்டதே இல்லை. அந்த மாதம் முழுவதும் ஷிப்டுக்குக் கிளம்பும்போது கேட்டார். இன்று பத்தொன்பது தடவை வந்தது அப்பா. இன்று இருபத்தாறு தடவை. மூன்றாவது அறை மூடியாகிவிட்டது. பச்சைப் புழு ஐந்து கொண்டுபோய் உள்ளே வைத்தது. புழு சாகவில்லை அப்பா, நெளிகிறது. "நெளியட்டும்" என்பார்.

ஊருக்குச் சொல்லி அனுப்பினார்கள். மாமா, அத்தையின் கணவர், ஒரு சீப்பு வாழைப்பழமும் மல்லிகையும் வாங்கிக்கொண்டு வந்தார். கதவுக்கு முன்னால் நின்று கூட்டை அண்ணாந்து பார்த்தார். தொடப் போன கையை இழுத்துக்கொண்டார். அவருக்குப் பார்த்து வைத்திருந்த பெண் வீட்டுக்கு ஆளனுப்பிப் பேச்சை நிறுத்திவிட்டார்களாம். அத்தைக்கு அம்மா முதல் சோற்றைப் போட்டாள். தண்ணீர் இறைக்க விடவில்லை. அத்தை வெளுத்துக்கொண்டே போனாள். மசக்கை என்றார்கள். வயிறு தெரிந்தது. "மூணாம் மாசத்துக்கே இவ்ளோவா? ரெட்டையா இருக்கப்போவுது" என்றாள் பெரியம்மா. எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரு நாள் நல்ல வெயிலில், கதவுக்கு எதிரே நானும் அத்தையும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். அவள் மெதுவாகக் கேட்டாள்:

"கணக்குப்புள்ள, அதுக்கு நெசமாவே தெரிஞ்சிதான் கட்டுமா?"

"எதுக்கு?"

"குளவிக்கு. தெரியாம ஒரு வூட்ல கட்டிடாதில்ல?"

"இன்னிக்கி மட்டும் இருபத்தெட்டு தடவை வந்துச்சி அத்தை."

"அப்ப தெரிஞ்சிதான் கட்டுது. சில பேருக்குப் பட்டுக்கிட்டே இருக்குமாம். இருந்தாலும் நிக்குமாம்" என்றாள். என்ன படும், என்ன நிற்கும் என்று நான் கேட்கவில்லை. அன்று ஏழு.

அப்பா ஒரு பிற்பகல் என் நோட்டை வாங்கிப் புரட்டினார். அத்தை அப்போது முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அப்பா உரக்கப் படித்தார். "அணிலு நாலு. மைனா ஆறு. கீரிப்பிள்ள ஒண்ணு, எப்படா வந்துச்சி? குளவி இருபத்திமூணு தடவ. இது இன்னா, பெருக்கல் குறி போட்டு ஒம்போதுன்னு எழுதியிருக்க?"

அத்தையின் கை கீரையில் நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை, கீரையையே பார்த்தாள். எனக்கு என்ன தோன்றியது என்று தெரியவில்லை.

"தும்பிப்பா."

"இந்த வெயில்ல ஒம்போது தும்பியா? அப்ப மழ இருக்குதுடா" என்று அப்பா சிரித்து, நோட்டை என் தலையில் மெல்லத் தட்டிக் கொடுத்தார். அத்தை மறுபடி கீரை ஆய ஆரம்பித்தாள். அவர் போன பிறகு, தனக்கென்று அம்மா வைத்திருந்த மாம்பழத்தில் பாதியை அறுத்து என்னிடம் கொடுத்தாள். நான் தின்றேன். நன்றாக இனித்தது.

நண்பர்களே, அத்தையின் கணக்கு அங்கேதான் முடிந்தது. அவள் விழ இன்னும் பதினொரு நாள் இருந்தது. மழை வரவில்லை.

வைகாசி மூன்றாம் தேதி, கத்திரி வெயில் உச்சத்தில், அத்தை துவைக்கிற கல்லின்மேல் விழுந்தாள். முதலில் பார்த்தது நான்தான். கல்லிலிருந்து கிணற்றடி மண்வரை சிவந்திருந்தது. கத்தினேன். அப்பாவை எழுப்பக் கூடாது என்ற பயத்தில் முதல் தடவை மெதுவாகத்தான் கத்தினேன். இதுவும் என் கணக்கில் இருக்கிறது.

ரிக்‌ஷாவில் வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பின்னாலேயே நானும் அப்பாவின் சைக்கிளில் போனேன். நோட்டு என் கால்சட்டையில் செருகியிருந்தது. அங்கே ஒரு வயதான மாசேர் இருந்தார். கன்னியாஸ்திரீகளை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம். அத்தையின் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்.

"எத்தனை நாளா போகுது?"

"இன்னிக்கித்தாம்மா. முழுகாம இருக்கறா. குழந்தைக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

"இது ஒரு நாள் போன உடம்பு இல்ல. நெசத்தைச் சொல்லு. எத்தனை நாள்?"

அம்மா விழித்தாள். அப்பாவும் விழித்தார். வராந்தாவில் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்ற நான் நோட்டைப் பிரித்தேன்.

"நாப்பத்தியோரு நாள்" என்றேன். "இருநூத்தி எழுபத்தெட்டு துணி."

அம்மா என்னை அறைந்தாள். பிறகு நோட்டைப் பிடுங்கி, படிக்கத் தெரியாதவள், அந்தக் குறிகளின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனாள். பக்கம் பக்கமாகப் போனாள். மாசேர் அவள் தோளைத் தொட்டு, "பையனை ஏன் அடிக்கிற. உங்கள்ல எண்ணுனது அவன் ஒருத்தன்தான்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அதைவிட அடித்திருக்கலாம்.

கர்ப்பப்பையில் கட்டி என்று மருத்துவர் அப்பாவை உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். குழந்தை என்று எதுவும் இல்லை, எப்போதும் இருந்ததில்லை. ஒரு மாதம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம். மூன்று நாள் இருந்தாள். நான்காம் நாள் காலை போய்விட்டாள். என்னை உள்ளே விடவில்லை.

மாமா பேருந்திலிருந்து இறங்கி ஓடி வந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் நாங்கள் மூவரும் நின்றோம். அவர் அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டுமா மச்சான்?"

அப்பா அவர் முகத்தைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று நான் எண்ணவில்லை. பிறகு தலையை ஆட்டினார், ஆமாம் என்று.

நோயாளிப் பெண்ணைக் கட்டி வைத்தார்கள், பொய் சொல்லி ஏமாற்றினார்கள் என்று செத்தவளைப் பேசக் கூடாது என நினைத்திருப்பார். மாமாவுக்கும் அது ஆறுதல் என்று நினைத்திருப்பார். அன்று சாயங்காலம் அம்மா என் நோட்டை வெந்நீர் அடுப்பில் வைத்தாள். "நீ எதையும் பாக்கல. எதையும் எண்ணல. எங்கியாவது வாயத் தொறந்த, உன் அத்தைய நீயே திரும்பச் சாவடிச்ச மாரி" என்றாள். அப்பா கதவில் இருந்த கயிற்றை அவிழ்த்துச் சாத்தினார். கூடு நசுங்கிய சத்தம்கூடக் கேட்கவில்லை. கணக்குப்புள்ள என்று அதன்பிறகு யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

வயிற்றில் பிள்ளையோடு செத்தவளுக்குச் சுமைதாங்கிக் கல் நடுவார்கள். அவள் இறக்கி வைக்காத சுமைக்காக, வழியில் போகிறவர்கள் தலைச்சுமையை இறக்கி வைக்க ஒரு கல். மாமாவின் வீட்டார் ஊர்ப் பாதையில், புளியமரத்துக்கு அடியில் நட்டார்கள். ஆளுயரக் கல் இரண்டு, மேலே ஒரு பலகைக் கல். அப்பா போய் நின்று கும்பிட்டு வந்தார். அந்த ஆவணியிலேயே மாமாவுக்குக் கல்யாணம் ஆயிற்று. அந்த அம்மாளுக்கும் குழந்தை பிறக்கவில்லை. பதினெட்டு வருடம் பார்த்தார்கள்.

அப்பா போனார், அம்மா போனாள். சொல்ல வேண்டிய ஆள் மாமா ஒருவர்தான் மிச்சம். எனக்கு ஐம்பத்து நான்கு வயதானபோது, ஒரு மாசி மாதம், சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு போனேன். மாமா தளர்ந்திருந்தார். கம்பை ஊன்றிக்கொண்டு என்னைக் கல் இருந்த இடத்துக்குக் கூட்டிப்போனார். தலைச்சுமையோடு யாரும் நடக்காத பாதை அது. லாரிகள் போய்க்கொண்டிருந்தன. கல்லைக் கழுவி மஞ்சள் பூசியிருந்தது. பெரிய பூச்சரம் ஒன்று, பக்கத்தில் சின்னதாக இன்னொன்று.

"வருசத்துக்கு ஒருவாட்டி இல்ல, வாரத்துக்கு ஒருவாட்டி வந்துடுவேன்" என்றார். "அவளுக்கு ஒண்ணு, அவனுக்கு ஒண்ணு. எனக்குன்னு அவன் ஒருத்தன்தானே. குளவி செம்மண்ணுல இல்ல கட்டுச்சி? நீகூடக் காவல் இருந்தியே."

"ஆமாம் மாமா."

"மார்கழியில பொறந்திருப்பான். இருந்திருந்தா இப்ப இன்னா வயசு இருக்கும்? எனக்குக் கணக்கு வர்றதில்ல. நாப்பதா?"

சொல்ல வந்ததைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாப்பத்திமூணு முடிஞ்சி, நாப்பத்திநாலு நடக்குது மாமா" என்றேன்.